நிரந்தர முகவரிக்கு வந்த கடிதம்

1

இன்று காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது. சென்னையிலுள்ள ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து வந்திருந்தது. திறப்பதற்கு முன்பே பெயர் தெரிந்தது. வசந்தா. என் அக்கா. அவள் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. ஊசி குத்திச் சதையெடுத்துப் பார்த்ததன் முடிவு அது. இன்னும் திறக்கவில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் போன் செய்து இன்று வரமுடியாது என்று சொல்லிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கவரைப்பேட்டையில் இருக்கும் அக்காவின் ரிப்போர்ட் ஜெர்மனியில் இருக்கும் எனக்கு ஏன் வந்தது என்று கேட்பீர்கள். எனக்கு வரவேண்டிய ஒரு கடிதம் நாலு வருஷத்துக்கு முன் அக்கா கைக்குப் போனது. அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயர்களை மாற்றவில்லை, மாற்றினால் எனக்கே எழுத வராது.

2

நம் ஊரில் எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் முகவரிக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று தற்போதைய முகவரி, இன்னொன்று நிரந்தர முகவரி. கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் நாங்கள் நாலு வீடு மாறிவிட்டோம். நாலும் எனக்குத் தற்போதையதுதான். நிரந்தரம் என்ற கட்டத்தில் கை தானாகவே கவரைப்பேட்டையை எழுதிவிடும். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், அம்மன் கோயில் தெருவில் அப்பா கட்டிய வீடு. அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தே அந்த வீட்டைக் கட்டினார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவும் மாமாவும் அவர்கள் மகள் திவ்யாவும் அங்கே இருந்தார்கள்.

ஜெர்மனியில் அப்படி இரண்டு கட்டம் கிடையாது. வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யப் போனபோது, நிரந்தர முகவரியை எங்கே எழுதுவது என்று என் உடைந்த ஜெர்மனில் கேட்டேன். அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்கள் இங்கே இருக்கப் போவதில்லையா?" என்றார். இருக்கப் போகிறேன் என்றேன். "அப்படியானால் இதுதானே உங்கள் முகவரி" என்றார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து கணவர் மோகனிடம் சொன்னால், "ஒரு கட்டத்துக்கா அழறே?" என்று சிரித்தார். மோகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஜெர்மன் கம்பெனியில் மெஷின் ஃபிட்டராக இருந்து, அந்தக் கம்பெனி வழியாகவே இங்கே வந்தவர். அவருக்கு மெஷின் இருக்கும் இடமே ஊர்.

3

ஏழு வருஷத்துக்கு முன் என் வலது மார்பில் புற்றுநோய் என்று இங்கே கண்டுபிடித்தார்கள். ஆரம்ப நிலைதான். இங்கேயே வைத்தியம் செய்துகொண்டிருக்கலாம், எல்லா வசதியும் இருந்தது. ஆனால் டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் வீட்டுக்கு வந்து அகராதியில் தேட வேண்டியிருந்தது. போனில் அக்காவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்:

"கெளம்பி வாடி. அந்த ஊர்ல குந்திகினு எந்த பாஷைல அழுவ நீ? இங்க வந்து நம்ம பாஷைல அழு. நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகப் போனேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பை எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் சிலிக்கான் ஜெல் பை வைத்தார்கள். வைப்பதா வேண்டாமா என்று நான் குழம்பியபோது, "வெச்சிக்கோ. உனக்கு முப்பத்தஞ்சு வயசுதான் ஆவுது. ரவிக்க போட்டா யாருக்கும் தெரியக்கூடாது" என்றவள் அக்காதான். அட்மிஷன் பேப்பரில் நிரந்தர முகவரி கட்டத்தில் வழக்கம்போல அம்மன் கோயில் தெருவை எழுதினேன்.

மூன்று மாதம் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டதைக் குறைத்து எழுத மாட்டேன். கக்கத்திலிருந்து ஒரு டியூப் வந்து சின்ன பாட்டிலில் இறங்கும். அதில் நிறைகிற நீரைத் தினமும் அளந்து திவ்யாவின் பழைய ஸ்கூல் நோட்டில் எழுதுவாள். தலை வாரிவிடுவாள். நான் வெளியே போகும்போது பாட்டில் தெரியாமலிருக்க ஒரு மஞ்சள் பையைத் தைத்துத் தோளில் மாட்டிவிட்டாள். பெரியபாளையத்துக்கு வேண்டிக்கொண்டு, ஆடி மாசம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உடம்பு முழுக்க வேப்பிலையைக் கட்டிக்கொண்டு பவானியம்மன் கோயிலைச் சுற்றி வந்தாள். நாற்பத்தைந்து வயதில் எனக்காக வேப்பஞ்சேலை கட்டினவள் அவள்.

தெருவில் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. திவ்யாவுக்கு வரன் பார்க்கிற வயது. சித்திக்கு மார்பில் புற்று என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமா என்று கேட்பார்களாம். அதனால் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். திவ்யாவுக்கும் அப்படித்தான் சொன்னோம். எதிர்வீட்டுக் குமாரி அக்கா ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிவந்து, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இன்னும் வலிக்குதா, கண்ணு?" என்பார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பரவால்லக்கா" என்பேன். அவர் போனதும் அக்காவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சிரித்தால் தையல் வலிக்கும். அந்தப் பொய்யில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

திரும்பி வரும்போது எல்லாப் பேப்பரையும் அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி, உள்ளே வைத்த சிலிக்கானின் நம்பர் ஒட்டிய அட்டை, எல்லாவற்றையும். "இந்த கஷ்டம் இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லி அவளே பீரோவில் வைத்துப் பூட்டினாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

4

போன வருஷம் அந்தப் பக்கம் கல்லாகிவிட்டது. முதலில் ஒரு இறுக்கம், பிறகு வலி, பிறகு மார்பு மேல்நோக்கி ஏறி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுக்கிற வேலை. ஒருநாள் இழுக்கும்போது கை பாதியில் நின்றுவிட்டது.

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண், "பாஸ் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டாள். நான் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பிரித்துப் பார்த்தாள். ஜெர்மன்காரர்கள் பாஸ்போர்ட்டையும் பாஸ் என்பார்கள், உடம்புக்குள் வைத்த பொருளுக்குத் தருகிற அட்டையையும் பாஸ் என்பார்கள். அவள் கேட்டது அந்த அட்டையை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கவரைப்பேட்டை முகவரி இருந்தது. "அந்தப் பாஸ் இந்த முகவரியில் இருக்கிறது" என்று விரலால் காட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்றாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. என்னோடு என் மகள் நிலா வந்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இதையெல்லாம் பிள்ளையை வைத்துப் பேசுவது சரியில்லை என்று டாக்டர் முகம் சுளித்தார். மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிப் போட்டால் ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். "நான் சொல்கிறேன்" என்று நிலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நிலாவின் தமிழ் எங்கள் வீட்டுக்குள் அடங்கிவிடுகிற தமிழ். சாப்பிடு, தூங்கு, சாவி எங்கே, குழாயை மூடு. வருஷம் போகப் போக அதுவும் குறைந்துகொண்டு வந்தது. கவரைப்பேட்டையை அவள் "உங்க ஊரு" என்பாள். அக்கா போனில் பேசக் கூப்பிட்டால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இவள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று நானும் மோகனும் பேசிப் பேசி ஓய்ந்திருந்தோம்.

ஸ்கேன் படத்தை டாக்டர் திரையில் காட்டிப் பேசினார். நிலா முழுவதும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உள்ள இருக்கிற பை கிழிஞ்சிருக்கு. ரொம்ப நாளா ஒழுகுது. குழாய் ஒழுகற மாதிரி இல்ல, அதவிட மெதுவா. அந்த ஜெல்லி கொஞ்சம் கக்கத்துக்குப் போய் அங்க இருக்கு. எப்ப கிழிஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரியல. வருஷக்கணக்கா இருக்கலாமாம்." நிறுத்தினாள். "இன்னும் ஒண்ணு சொன்னாங்க. அதுக்கு எனக்குத் தமிழ் தெரியல. ஆனா சொல்லிடறேன். சிலபேருக்கு அந்தப் பையச் சுத்தி வேற ஒரு கேன்சர் வரலாம். ரொம்ப சிலபேருக்குதான். அதுக்குதான் எந்தப் பைன்னு தெரியணும். நம்பர் வேணும்."

 ஒரு வரியையும் அவள் விடவில்லை.

அதோடு இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. முதல் கேள்வி, மார்பில் வைத்தது அழகுக்காகவா, நோய்க்காகவா? இரண்டு கட்டங்களில் ஒன்றில் டிக் போட்டு ஆதாரம் இணைக்க வேண்டும். நான் நோய் என்று டிக் போட்டேன். ஆதாரம் அக்கா பீரோவில் இருந்தது.

5

அக்காவுக்குப் போன் செய்தேன். தேடுகிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்து, "போன மழைக்கு ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சே, எல்லாம் நனஞ்சி கூழாப் போச்சுடி" என்றாள். ஆரணி ஆறு பொங்கினால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவது உண்மைதான். அதனால் நம்பினேன். கல்லாய்ப் போன மார்போடு பத்து மணிநேரம் விமானத்தில் உட்கார்ந்து சென்னைக்குப் போனேன்.

மருத்துவமனையில் பழைய ரெக்கார்டுகள் வைத்திருக்கும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே இருந்த கிளார்க்குக்கு ஐம்பது வயதிருக்கும். பொறுமையான மனிதர். என் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பதான் வர்றீங்களா மேடம்? உங்களுக்கு லெட்டர் போட்டு மூணு வருஷம் ஆவுதே."

"எனக்கு லெட்டர் வரல சார்."

"வரலையா? உங்களுக்கு வெச்ச அந்த சிலிக்கான் மாடல்ல கோளாறுன்னு கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்கினான். அதப் போட்ட எல்லாருக்கும் ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பினோம். வந்து ஸ்கேன் எடுத்துக்கோங்க, இன்னா தொந்தரவு இருந்தாலும் உடனே வாங்கன்னு எழுதியிருந்தோம். போனுக்கும் அடிச்சோம், உங்க ஜெர்மனி நம்பரு மாறிடிச்சு போல. ஆனா லெட்டரு போய்ச் சேந்துது. அட்டை திரும்பி வந்துகீது."

மேலிடத்திலிருந்து யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்காக அந்த மாதிரி அட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். தேடி எடுத்து மேசைமேல் வைத்தார். தபால் இலாகாவின் ஒப்புகை அட்டை. என் பெயர். அம்மன் கோயில் தெரு. கீழே, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் நீல மையில், வசந்தா. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

அந்தக் கையெழுத்தை எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. என் ராங்க் கார்டில் அம்மா கைநாட்டு வைத்தால் வகுப்பில் சிரிப்பார்கள் என்று நான் அழுவேன். அதனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் அக்காதான் கையெழுத்துப் போடுவாள். கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகள் எனக்கு ரொம்பப் பெருமை.

கிளார்க், "இது உங்க கையெழுத்து இல்லையா மேடம்?" என்று கேட்டார். எங்க வீட்டுக் கையெழுத்துதான் என்றேன்.

6

கவரைப்பேட்டைக்கு மின்சார ரயிலில் போனேன். மத்தியானம். அக்கா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவரில் திவ்யாவின் கல்யாண போட்டோ. மாப்பிள்ளைக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. நல்ல பையன். கல்யாணத்துக்கு நான் வரமுடியவில்லை, ஜெர்மனியிலிருந்து புடவை அனுப்பியிருந்தேன்.

"ரிஜிஸ்டர் லெட்டர் எங்கக்கா?" என்றேன்.

"இன்னா லெட்டரு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தது. நீ கையெழுத்து போட்டு வாங்கினது. அட்டைய பாத்துட்டுதான் வரேன்."

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லுவாளோ என்று ஒரு விநாடி ஆசைப்பட்டேன். சொல்லவில்லை.

"அன்னிக்கி மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கூடத்துல குந்திகினு இருந்தாங்கடி. பூ வெக்க வந்திருந்தாங்க. போஸ்ட்மேன் வாசல்ல நின்னுகினு ஆஸ்பத்திரி பேர சத்தமா படிக்கறான். மாப்பிள்ளயோட அம்மா தலைய நீட்டி பாக்குது. நான் இன்னா பண்றது சொல்லு? எனக்குதான்னு சொல்லி வாங்கி இடுப்புல சொருவிகினேன்."

"அன்னிக்கி சரி. மறுநாளு?"

"கல்யாணம் முடியட்டும்னு வெச்சேன். முடிஞ்சவொடனே அவ முழுவாம இருந்தா. ஏழாம் மாசம், ஒம்பதாம் மாசம்னு போச்சு. அப்புறம் சொல்லலாம்னா, இத்தினி நாளு ஏன் சொல்லலன்னு கேப்ப நீ. அந்தக் கேள்விக்கு பயந்துகினே இன்னும் தள்ளிப் போச்சு."

"படிச்சியா?"

"இங்கிலீசுல இருந்துச்சு. பாதி புரிஞ்சுது." புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "புரிஞ்ச பாதியே போதும்னு மடிச்சு வெச்சிட்டேன்."

பீரோவைத் திறக்கச் சொன்னேன். திவ்யாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, நம்பர் ஒட்டிய அட்டை, என் டியூப் பாட்டில் கணக்கெழுதிய ஸ்கூல் நோட்டு. எதன் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. ஓரம்கூட மடங்காமல் வைத்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. தொலைத்திருந்தால் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"அக்கா, என் உடம்புக்குள்ள அது மூணு வருஷமா ஒழுகிக்கினு இருந்திருக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கு. வாரா வாரம் போன்ல பேசினியே, சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேட்டியே."

"உனக்கு வேப்பஞ்சேல கட்டினேன்டி நானு."

"கட்டின. ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"என் பொண்ணு வாழ்க்கைய பாக்கறதா, உன் பேப்பர பாக்கறதா?" என்றாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஆனால் சொல்லிவிட்டாள். அதுதான் நிஜம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது.

நான் அழவில்லை. நம் பாஷையில் அழலாம் என்று கூப்பிட்டவள் எதிரில் அழ எனக்குப் பிடிக்கவில்லை. கவரை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இந்த நோய் ரத்தத்துல வர்றதா இருக்கலாம்னு அங்க டாக்டர் சொல்றாங்க. நீயும் போய் பாத்துக்கோ. திவ்யாவையும் பாக்கச் சொல்லு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

வாசலில் குமாரி அக்கா பிடித்துக்கொண்டார். "எப்ப வந்தே கண்ணு? அப்ப ஆபரேஷன் பண்ணிக்கினியே, இப்ப எப்டி கீது?" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். நல்லா இருக்குக்கா என்றேன்.

7

ஜெர்மனியில் ஆபரேஷன் நடந்து இன்றோடு பதினோரு மாதம். கிழிந்த பையையும் அதைச் சுற்றி இறுகியிருந்த சதையையும் எடுத்தார்கள். அது விலா எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்ததால் மார்புத் தசையில் கொஞ்சத்தையும் வெட்டவேண்டி வந்தது. கக்கத்தில் வீங்கியிருந்த இரண்டு நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அந்த இன்னொரு புற்று இல்லை என்று வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் சின்ன ஆபரேஷனாக முடிந்திருக்கும், தசையைத் தொட்டிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நிலா அதையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று மோகன் பின்னால் அவளைக் கோபித்துக்கொண்டார். "அது அம்மாவோட உடம்பு" என்று அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள்.

புதிதாக ஒன்று வைக்கட்டுமா என்று டாக்டர் கேட்டபோது வேண்டாம் என்றேன். ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. ரவிக்கைக்குள் துணி வைத்துக்கொள்வதும் இல்லை. தெரிந்தால் தெரியட்டும். வலது கை தோளுக்கு மேலே எழாது. அதனால் இப்போது துவைக்கிற பக்கம் விடுவதில்லை, மடிக்கிற பக்கம் வைத்திருக்கிறார்கள். போர்வையின் இரண்டு மூலையைப் பிடித்து உதறும்போது எனக்கு ஒரு பக்கம் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். எதிரில் நின்று பிடிக்கிற போலந்துக்காரப் பெண் அதற்கேற்ற மாதிரி தானும் கையைத் தாழ்த்திக்கொள்வாள்.

இத்தனை நாளில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. நானூறு சொல்லை வைத்துக்கொண்டு என் மகள் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். முழுத் தமிழும் வைத்திருந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கைவிட்டுப் போய்விட்டாள் என்று நான் யாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேனோ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இதை எழுதுகையில் என் அக்காவின் மேல் எனக்குக் கோபம் மட்டும் இல்லை, ஏமாந்துபோன வெட்கமும் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்ததும் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முகவரியில் இந்த வீட்டை எழுதினேன். அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவளும் கூப்பிடவில்லை.

8

போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம். பாத்ரூமில் நின்று பேசியிருக்கிறாள்.

"செல்வி, எனக்கு இடது பக்கம் ஒரு கட்டி கீதுடி. ரெண்டு மாசமா. மாமாகிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டு மெட்ராஸ் போய் காட்டினேன். ஊசில குத்தி எடுத்துகினாங்க. ரிப்போட்டு அனுப்ப போன் நம்பரு கேட்டாங்க. என் போன திவ்யா புள்ள எந்நேரமும் நோண்டிகினு இருக்குது, யாராச்சும் பாத்துட்டா பேஜாரு. அதான் உன் நம்பர குடுத்துட்டேன். திவ்யாகிட்ட சொல்லாத."

நான் பதில் போடவில்லை. என் கடிதத்தை மறைத்தவள் தன் கடிதத்தை மறைக்க என் முகவரியைத் தேடி வந்திருக்கிறாள். அவளுக்கு இப்போது நான்தான் நிரந்தர முகவரி.

இன்று காலை ரிப்போர்ட் வந்தபோது, அப்படியே மடித்து வைத்துவிடலாமா என்று தோன்றியது. பொய் சொல்லமாட்டேன், தோன்றியது. ஒரு கல்யாணம் முடியட்டும், ஒரு பிரசவம் முடியட்டும், மூன்று வருஷம் போகட்டும். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டியா அக்கா என்று கேட்கலாம். அந்த நினைப்போடு ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

இப்போது அவளைக் கூப்பிடப் போகிறேன்.

9

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். மொட்டை மாடிக்குப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சியா?"

"இல்லக்கா. உன் பேரு போட்டிருக்கு. உன்கூடத்தான் படிக்கணும்."

 கவரைப்பேட்டையில் ஒரு ரயில் நிற்காமல் போனது, எனக்குக் கேட்டது.

"ஞாயித்துக்கெழம பெரியபாளையத்துல திவ்யா புள்ளைக்கி மொட்டைடி. எல்லாரும் வராங்க. அது முடியட்டுமே. திங்கக்கெழம படிச்சுக்கலாம்."

"முடியட்டும்னு வெச்சா என்ன ஆவும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

மாடியில் செருப்புச் சத்தம் இங்கும் அங்கும் நடந்தது.

"குந்திக்கோ" என்றேன்.

"குந்திகினேன்."

திறந்தேன். இங்கிலீஷில் இருந்தது. முதல் வரியில் அவள் பெயர், வயது. அதைப் படித்தேன். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்து, பிறகு தமிழில் சொன்னேன். சொல் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொன்னேன். பள்ளி விடுமுறையில் தூங்கிக்கொண்டிருந்த நிலாவை எழுப்பிக் கேட்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில் அவளைச் சொல்ல வைத்தேன். நிலா பாத்ரூமுக்குள் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பெரியம்மாவுக்குச் சொன்னாள். கடைசி வரி டாக்டரின் பெயர். அதையும் படித்தேன்.

அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அக்கா பெயர் போட்ட காகிதம். கட்டி வந்ததுவரைக்கும் எழுதிக்கொள்ள அவளிடம் கேட்டேன், பேரை மாற்றிப் போடு என்றாள். திவ்யாவிடம் அவளே சொல்லவேண்டும் என்று சொன்னேன். மொட்டை போடுகிற அன்றைக்கே, பெரியபாளையத்திலேயே சொல்லிவிடு என்றேன். பார்க்கிறேன் என்றாள்.

வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"செல்வி, எதயும் மறைக்கலயே நீ?"

"இல்லக்கா."

அவள் உடனே நம்பிவிட்டாள். மறுபடி ஒருமுறை கேட்கக்கூட இல்லை. அப்படி அவளை நம்ப இனி என்னால் முடியாது.